கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உடல் இயலாதவர்களின் கழிப்பறை, குளியலறை பற்றிச் சாயல்குடி முதல் தொண்டி வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. "இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது" என்று பாதிப் பேர் தொடங்கியிருக்கிறீர்கள். கூச்சமே வேண்டாம். இயன்முறை மருத்துவராக எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குளியலறையைத்தான் பார்க்கிறேன். மனிதர் தன் மானத்தோடு இருக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும்.

பதநீர் இறக்கும்போது பனையிலிருந்து விழுந்த என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. மணலில் சக்கர நாற்காலி புதைவதால் நானும் அம்மாவும் தூக்கிப் போகிறோம். இப்போது அவன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டான். என்ன செய்வது? (சாயல்குடி)

கடைசி வரியைப் படித்ததும் பதறிப்போனேன். அடுத்தவர் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று தாகத்தை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை இந்தக் கரையில் நிறையப் பார்த்துவிட்டேன். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் பையிலேயே தேங்கும். தண்ணீரும் குறைந்தால் கிருமித் தொற்று, கல், பிறகு சிறுநீரகத்துக்கே ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவு தண்ணீரை அவர் குடித்தே ஆக வேண்டும். தானே போய்வர வழி செய்துகொடுங்கள், பயமின்றிக் குடிப்பார்.

மணலில் புதைவது முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள்தான். வாசலிலிருந்து கழிப்பறை வரை மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போடுங்கள். படி இருக்குமிடத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்று சாய்தளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. இதைச் சுருக்கச் சொல்லும் கொத்தனாருக்கு இணங்காதீர்கள். செங்குத்தான சரிவில் நாற்காலி பின்னால் கவிழும்.

அடுத்தது சக்கரம் வைத்த கமோடு நாற்காலி. இருக்கையின் நடுவே துளை இருக்கும். அதிலேயே உட்கார்ந்து போய், மேற்கத்தியக் கழிப்பறைத் தொட்டிக்கு மேலே நேராக நிறுத்திக்கொள்ளலாம், அதிலேயே குளிக்கலாம். வாங்குமுன் தொட்டியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தரையோடு பதித்த தொட்டி என்றால் அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளியைத் துளைக்குக் கீழே வைத்தால் தெறிக்காது. கடையில் நான்கும் சின்னச் சக்கரமாக உள்ளதைத்தான் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் தள்ள எப்போதும் ஓர் ஆள் வேண்டும். பின்சக்கரம் இரண்டும் பெரிதாக, கையால் உருட்டும்படி உள்ளதைக் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் உங்கள் தம்பிக்கு வேண்டியது அதுதான்.

இருக்கை மெத்தென்று இருக்கட்டும். உணர்வில்லாத தோலில் புண் வருவது அவருக்கே தெரியாது. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள். வெந்நீரைத் தொடையில் ஊற்றிப் பார்க்காமல் முழங்கையால் சூடு பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் அசையும் என்பதால் நாள்தோறும் ஒரே நேரத்தில் போய் உட்காருவது நல்லது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வாங்கிய கைப்பிடி ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. சுவரில் ஒட்டும் ரப்பர் கைப்பிடி வாங்கலாமா? (பாம்பன்)

ரப்பர் கைப்பிடி வேண்டவே வேண்டாம். நம் உவர்நீரால் உப்புப் படியும் சுவர் ஓட்டில் (டைல்ஸ்) அந்தப் பிடிப்பு எந்த நிமிடமும் விடும். அதை நம்பி எழுகிறவர் விழுவார்.

மண்டபத்தில் ஒரு வீட்டில் கைப்பிடி பளபளவென்று இருந்தது. அதன் வட்டத் தட்டுக்குக் கீழே மட்டும் ஓட்டில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. தட்டைக் கழற்றினேன்; உள்ளே திருகாணி தீக்குச்சியாக மெலிந்திருந்தது. பாட்டி அதைப் பிடித்துத்தான் தினமும் எழுந்துகொண்டிருந்தார்.

கடைகளில் நல்ல ரகம் என்று தருவது பெரும்பாலும் 304 தரம். கடல் காற்றின் உப்பு அதையும் அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 தரத்தைக் கேளுங்கள். திருகாணியும் அதே தரமாக இருக்க வேண்டும், பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலுமே ஒட்டாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பவளக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய வீட்டுச் சுவரில் போல்ட் நிற்காது. தரையில் ஊன்றிய சட்டம் பொருத்துங்கள்.

வாப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சாப்பிடுகிற கையாலேயே கழுவ வேண்டியிருக்கிறதே என்று அழுகிறார். உம்மாவைக் கழுவிவிடவும் அனுமதிக்கவில்லை. (கீழக்கரை)

இதைக் கேட்டதற்கு நன்றி. மருத்துவமனையில் யாரும் இதைப் பேசுவதில்லை. வலது கை இருக்கிறதே என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கை படாமலே கழுவ வழி இருக்கிறது. மேற்கத்தியத் தொட்டியின் இருக்கைக்கு அடியில் பொருத்தும் சிறு நீர்த்தாரைக் கருவி கிடைக்கிறது. மின்சாரம் வேண்டியதில்லை. வலப்பக்கமுள்ள திருகைத் திருப்பினால் நீர் பீய்ச்சும். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அழுத்தம் போதும். அது இல்லாவிட்டால் நீளமான மூக்குள்ள கிண்டி. வலது கையால் முன்பக்கமிருந்து ஊற்றப் பழக்கலாம். பிறகு பம்பு வைத்த சோப்புக் குப்பி.

கைப்பிடியை வலது பக்கம் பொருத்துங்கள். ஆனால் ஒரே கை பிடிக்கவும் வேண்டும், கழுவவும் வேண்டும் என்றால் நடக்காது. அதனால் இருபக்கமும் கைதாங்கியுள்ள இருக்கையாக இருக்கட்டும். இருக்கை அவரைத் தாங்கினால்தான் கைக்கு விடுதலை. ஒளு செய்யவும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவவும்) குழாயடியில் இப்படியொரு நாற்காலியைப் போட்டு, திருகு குழாயை மாற்றி நெம்புகோல் குழாய் வையுங்கள். ஒரு கையால் கைலி கட்ட முடியாது, இடுப்பில் எலாஸ்டிக் தைத்துக் கொடுங்கள்.

பாசி எடுக்கப் போகும் என் அத்தைக்கு முழங்கால் மடங்கவில்லை. கழிப்பறையை இடித்துக் கட்ட வசதியில்லை. (தங்கச்சிமடம்)

இடிக்க வேண்டாம். தொட்டிக்கு மேலே வைக்கும் துளையிட்ட பிளாஸ்டிக் முக்காலி போதும். கால்களுக்கு ரப்பர் அடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவற்றை அரசு தருமா? (தேவிபட்டினம்)

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிச் சலுகைகள் தருகிறது. முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது "உபகரணம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், இன்ன வகைக் கமோடு நாற்காலி, இன்ன உயரம் என்று எழுதுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் அளவெடுக்கச் சொல்லலாம்.

மாமியாருக்குப் பார்வை மங்கல். உள்ளே தாழிட வேண்டாம் என்றால் கோபப்படுகிறார். (தொண்டி)

அவர் கோபம் நியாயமானது. தாழிடட்டும். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் தாழ்ப்பாள் கிடைக்கிறது, அதைப் பொருத்துங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. வெள்ளை ஓட்டில் வெள்ளைத் தொட்டி அவர் கண்ணுக்குத் தெரியாது. கருநீல இருக்கை போடுங்கள். இருக்கைக்கு அருகிலிருந்து அடுக்களை வரை ஒரு நைலான் கயிறு கட்டி, அடுக்களை முனையில் மணி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் நுனி தரைக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்க வேண்டும். விழுந்து கிடந்தாலும் அது கைக்கு எட்டும்.