ஞாபகத்துக்கு ஒரு காலண்டர்

கேள்வி: குடியை விட உதவி கேட்டுப் போனால், கவுன்சலர் காலண்டரை நீட்டி, கடந்த 90 நாளும் தினம் எவ்வளவு குடித்தேன் என்று குறிக்கச் சொல்கிறார். யாருக்கு ஞாபகம் இருக்கும்? (வாசகர், டொராண்டோ)

பதில்: மொட்டையாகக் கேட்டால் யாருக்கும் இருக்காது, அதற்குத்தான் காலண்டர். முதலில் சம்பள நாள், பிறந்தநாள், லாங் வீக்கெண்ட், காய்ச்சலில் படுத்த நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். 'அன்று மச்சான் வீட்டில் பார்ட்டி, நாலு பீர், மறுநாள் வேலைக்குப் போகவில்லை' என்று பக்கத்து நாட்களும் கூடவே வந்துவிடும். உளவியலாளர்களான லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதி உருவாக்கிய 'டைம்லைன் ஃபாலோபேக்' முறை இது. அப்புறம், 'சும்மா ரெண்டு பெக்' என்று எழுதாதீர்கள், வீட்டில் ஊற்றும் பெக்குக்கு ஏது அளவு! கனடா கணக்கில் 43 மில்லி விஸ்கியோ 341 மில்லி சாதா பீரோ ஒரு 'டிரிங்க்', அந்தக் கணக்கில் எழுதுங்கள். குடிக்காத நாளுக்குப் பூஜ்யம் போடுங்கள், காலியாக விடவேண்டாம்.