அக்காவுக்காக ஒரு பிரசவம் – கடிதம்

வணக்கம் மேடம்,

எனக்கு 31 வயது. ஐந்து வயதில் ஒரு மகள், சிசேரியனில் பிறந்தவள். என் அக்காவுக்கு 37. கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பை நன்றாக இருப்பதால், அவர்களுடைய கருவை என் வயிற்றில் வளர்க்கலாம் என்கிறார் டாக்டர். "பத்து மாசம் இடம் குடு, அவ்வளவுதானே" என்கிறாள் அம்மா. என் கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்த்தாலே அழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. முடியாது என்று சொன்னால் நான் கெட்டவளா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மா சொல்லும் 'இடம்' என்னவென்று பார்ப்போம். கரு வைப்பதற்கு முன்பே ஹார்மோன் மாத்திரைகள் தொடங்கிவிடும். அப்புறம் கர்ப்பம் தங்க உதவும் புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோன். ஊசியாகப் போட்டால் அது எண்ணெயில் கரைத்த மருந்து, போட்ட இடம் கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க முடியாது. முதல் தடவையே கரு தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாடகைத் தாய்ச் சட்டம் மூன்று முயற்சிவரை அனுமதிக்கிறது. இதையெல்லாம் ஏற்கெனவே ஒரு சிசேரியன் தழும்பு உள்ள வயிறு தாங்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் பணத்துக்காக வாடகைத் தாயாக இருந்தார். அப்போது அதற்குத் தடை இல்லை. பிரசவமான மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். குழந்தையை முதல் நாளே வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவருக்குப் பால் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்திருந்தது. மாமியார் இரண்டு முழம் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பால் வற்ற நம் பாட்டிமார் செய்த வைத்தியம்தான். வேலூரில் மருத்துவர்கள் ஆராய்ந்து, பலன் உண்டு என்று எழுதியும் இருக்கிறார்கள். "பணம் வாங்கியாச்சு, கணக்கு முடிஞ்சுதுக்கா. இதுக்கு மட்டும் அது தெரியல" என்று மார்பைக் காட்டிச் சொன்னார் அந்தப் பெண்.

அவர் அந்தக் குழந்தையை மறுபடி பார்க்கவே இல்லை. நீங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்ப்பீர்கள். அது உங்களைச் சித்தி என்று கூப்பிடும். உங்கள் மகளுக்கு ஐந்து வயது, எல்லாம் புரியும். அம்மா வயிற்றில் இருந்த பாப்பா ஏன் பெரியம்மா வீட்டில் இருக்கிறது என்று நிச்சயம் கேட்பாள். இதையெல்லாம் தெரிந்தே மனசாரச் செய்து, அப்புறமும் நிம்மதியாக இருக்கிற பெண்கள் உண்டு. ஆனால் அவர்களாக முன்வந்து செய்தவர்கள் அவர்கள்.

குஜராத்தில் ஆனந்த் என்ற ஊருக்கு வாடகைத் தாய் தேடி வெளிநாடுகளிலிருந்து தம்பதிகள் வந்தார்கள். அவர்களுக்காகச் சுமந்த பெண்கள், சொந்தப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் விடுதியில் இருந்தார்கள். 2012இல் அகமதாபாத்தில் ஒரு அமெரிக்கருக்காகச் சுமந்த பெண் எட்டாம் மாதத்தில் இறந்துபோனார். 2015இல் வெளிநாட்டவருக்குத் தடை வந்தது. 2021இல் இயற்றிய சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, பணத்துக்காகச் சுமப்பதையே முற்றிலும் நிறுத்தியது. மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் மற்ற செலவுகள், காப்பீடு தவிர அந்தப் பெண்ணுக்கு எதுவும் தரக்கூடாது.

அந்த வியாபாரத்தை நிறுத்தியது சரிதான். ஆனால் பணம் போனால் கட்டாயமும் போய்விடும் என்று நம்பியது பெரிய தவறு. சுமப்பவர் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2019 மசோதாவில் இருந்தது. மாநிலங்களவைத் தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது, சட்டத்திலும் 'விருப்பமுள்ள பெண்' என்றே இருக்கிறது. சரி, காசில்லாமல் யார் முன்வருவார்? கடைசியில் தங்கையிடமும் கொழுந்தன் மனைவியிடமும்தான் வந்து நிற்கிறார்கள். கூலிக்குச் சுமந்தவராவது கூலி போதாது என்று மறுக்கலாம். அம்மா அழுதால் தங்கை எதைச் சொல்லி மறுப்பாள்?

அதே சட்டத்தில் உங்களுக்கு உதவுவதும் இருக்கிறது. 25 முதல் 35 வயதுவரை, ஒரே ஒரு தடவைதான் சுமக்கலாம். பக்கவிளைவுகள் எல்லாவற்றையும் சொல்லி, உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கருவை வயிற்றில் வைக்கும் நிமிடம்வரை நீங்கள் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மனநலச் சான்றிதழும் வேண்டும். அந்த மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவை வெளியே உட்காரச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். ஒருவேளை சம்மதித்தால், பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களுக்கும் சேர்த்து 36 மாதக் காப்பீடு உங்கள் பெயரில் எடுத்தாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அக்காவோடு தனியாகப் பேசுங்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அழுவது குழந்தைக்காகவா, உங்களை இப்படி இழுத்துவிட்டதற்காகவா என்று உங்களுக்குத் தெரியாது. அம்மா இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பதையே முதலில் சொல்லுங்கள்.