தசை அழற்சிக்கு ஆன்டிபாடி பரிசோதனை: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் அக்காவுக்கு 48 வயது. சில மாதங்களாகக் கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினாலே ஓய்ந்துவிடுகிறார். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி கூடியிருந்ததால் முதலில் கல்லீரலுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு பார்த்தபோது, தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சி.கே. நொதி 5,200 இருந்தது. ஏ.என்.ஏ. நெகட்டிவ். ஆனால் தசை அழற்சியோடு தொடர்புடைய ஆன்டிபாடிகளை (நோயெதிர்ப்புப் புரதங்களை) தேடும் 'மயோசைடிஸ் ப்ரொஃபைல்' பரிசோதனையில் ஜோ-1 மூன்று பிளஸ், பி.எம்.-எஸ்.சி.எல். 75 ஒரு பிளஸ் என்று வந்திருக்கிறது. இவை முரண்படவில்லையா? தசைத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி அவசியமா?

பதில்: முரண்பாடு இல்லை. ஏ.என்.ஏ. பரிசோதனை முதன்மையாகச் செல்லின் உட்கருவைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடுவது. ஜோ-1 குறிவைக்கும் நொதியோ உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. ஆகவே ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்துத் தசை அழற்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு என்பதால், கல்லீரல் மருந்தோடு காலம் கடந்துபோவது இந்நோயாளிகளுக்கு அடிக்கடி நேர்கிறது. கல்லீரலில் இருந்து, தசையில் இல்லாத ஜி.ஜி.டி. நொதியையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஐயம் முன்பே எழுந்திருக்கும்.

இந்த ப்ரொஃபைல் பெரும்பாலும் லைன் பிளாட் முறையில் செய்யப்படுகிறது. ஒரு பட்டையில் வரிசையாகப் பதித்த புரதங்களின் மீது நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) ஊற்றி, எந்தக் கோடு எவ்வளவு அடர்த்தியாக நிறம் ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். அடர்ந்த கோடு (மூன்று பிளஸ்) நோய்க்குறிகளோடும் பொருந்தினால் அதை நம்பலாம். ஒற்றை பிளஸ் அப்படியல்ல. நோயே இல்லாதவர்களிடமும் அது வருவதுண்டு. விரல் தோல் இறுகுதல் போன்ற ஸ்கிளிரோடெர்மா (தோல் இறுக்க நோய்) அடையாளங்கள் இல்லையெனில், பி.எம்.-எஸ்.சி.எல். 75 என்ற அந்த இரண்டாவது கோட்டைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

2017-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளில் இடம்பெற்ற ஒரே ஆன்டிபாடி ஜோ-1தான். தோள், இடுப்புத் தசைகளின் பலவீனம், உயர்ந்த சி.கே., அடர்ந்த ஜோ-1 ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்போது பல மருத்துவர்கள் பயாப்ஸி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். அக்காவை நேரில் பரிசோதித்தவரே இதை முடிவு செய்ய வேண்டும்.

பயாப்ஸியைவிட அவசரமானது நுரையீரல். ஜோ-1 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் திசுவிலும் அழற்சி ஏற்படுகிறது. அது இருமலோ மூச்சிரைப்போ இல்லாமலும் தொடங்கலாம். எனவே நெஞ்சுக்கு எச்.ஆர்.சி.டி. (நுண்ணிய சி.டி.) ஸ்கேனும், வாயுப் பரிமாற்ற அளவோடு கூடிய நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் இப்போதே தேவை. அக்காவின் ஆள்காட்டி விரலில் கட்டைவிரலை நோக்கிய பக்கத்தைப் பாருங்கள். தோல் தடித்து வெடித்திருந்தாலோ, குளிர்ந்த நீர் பட்டதும் விரல்கள் வெளுத்தாலோ, அதையும் ரூமட்டாலஜி (வாதநோய்) மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ப்ரொஃபைல் முழுவதும் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. தசை அழற்சி உள்ளவர்களில் கணிசமானோரிடம் இதுவரை அறியப்பட்ட ஆன்டிபாடி எதுவும் தென்படுவதில்லை. அன்றியும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு தொடர்புடைய எச்.எம்.ஜி.சி.ஆர். ஆன்டிபாடி பல பட்டைகளில் இருப்பதேயில்லை. அதைத் தனியே எலைசா என்ற ரத்தப் பரிசோதனை முறையில் கேட்டுப் பெற வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் பலவீனம் கூடிக்கொண்டே போனால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ப்ரொஃபைல் நெகட்டிவாக வந்தவர்களுக்குத்தான் எம்.ஆர்.ஐ. பார்த்து இடம் தேர்ந்து செய்யும் பயாப்ஸி பெரிதும் உதவுகிறது.