வளரிளம் பருவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு 14 வயது. நாலைந்து மாதமாக இடது மார்புக் காம்புக்குக் கீழே கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் நோகுதாம். கிணற்றடியில் சேர்ட்டைக் கழற்றாமலே குளிக்கிறான். கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான். புற்றுநோயாக இருக்குமோ?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. இந்த வயது ஆண்பிள்ளைகளுக்கு மார்பில் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. பருவமடையும் ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இப்படியொரு கட்டி வந்து போகிறது. பெண்களுக்குரிய ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் ஆண்களின் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. ஆண் ஹோர்மோன் போதிய அளவுக்கு ஏறும்வரை ஈஸ்ட்ரஜனின் கை சற்று ஓங்கியிருப்பதால் காம்புக்கு அடியிலுள்ள திசு வீங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் வருவதும் வழமைதான். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக வற்றிவிடும்.

மகனே சோதித்துப் பார்க்கட்டும். மல்லாந்து படுத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்துக் காம்பை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். காம்புக்கு நேர் கீழே, இறப்பர் போல அசைகிற வட்டத் தட்டு அகப்பட்டால் இதுதான். ஒன்றும் அகப்படாமல் மெத்தென்று இருந்தால் வெறும் கொழுப்பு. கட்டி காம்பை விட்டு விலகி இறுகிப்போய் அசையாமல் இருந்தாலோ, காம்பில் நீரோ இரத்தமோ கசிந்தாலோ, 4 சென்ரிமீற்றரைத் தாண்டினாலோ, விதையில் கட்டி தெரிந்தாலோ டொக்டரிடம் காட்டப் பிந்த வேண்டாம். 2 வருடத்துக்குப் பிறகும் வற்றாவிட்டாலும் காட்டுங்கள்.

எண்ணெய் போட்டு உருவுவதும் பிதுக்குவதும் நோவைக் கூட்டும். ஜிம்மில் யாராவது தருகிற ஊசி, குளிசைப் பக்கம் போகவே விடாதீர்கள். அவற்றிலுள்ள ஆண் ஹோர்மோன் உடம்புக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறி வீக்கத்தைப் பெருக்கும்.

கட்டியை விட எங்களுக்குக் கவலை தருவது அவன் விளையாட்டை விட்டதுதான். உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளைப் பகுதி இந்த வயதில் முந்திக்கொள்கிறது. நிதானிக்கச் சொல்லும் நெற்றிப்பக்க மூளை முதிர 25 வயதாகும். கூட்டாளிகளின் ஒரு நக்கல் அவனைப் பல நாளைக்கு வதைக்கும். நீங்கள் தொட்டுப் பார்க்காதீர்கள். சொந்தக்காரர் முன்னால் கதைக்கவும் வேண்டாம். தகப்பனோ மாமாவோ தனியே கூப்பிட்டு, "இது கனபேருக்கு வாறது, போயிரும்" என்று சொல்லட்டும். ஜேர்சிக்கு உள்ளே சற்று இறுக்கமான பெனியன் போட்டால் வெளியே தெரியாது.

கேள்வி: மகள் 12 வயதில் பெரியபிள்ளையாகி ஏழு மாதம். இரண்டு தரம்தான் மாதவிடாய் வந்தது. அம்மம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கச் சொல்கிறா; தண்ணீரையும் குறைக்கச் சொல்கிறா.
— திருக்கோவில் வாசகி

பதில்: முதல் இரண்டு மூன்று வருடம் மாதாமாதம் கருமுட்டை வெளியாகாது, அதனால் நாள் தவறும். வந்த முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள்வரை 21 முதல் 45 நாள் வழமையானது. 90 நாள் தாண்டினாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தாலோ காட்டுங்கள். கலண்டரில் அவளையே குறிக்கச் சொல்லுங்கள்.

முட்டை நல்லது, அவித்துக் கொடுங்கள். பச்சையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். உழுத்தங்களி தாராளமாகக் கொடுக்கலாம். தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது; நம்மூர் வெயிலுக்குச் சிறுநீர்க் கடுப்பும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். இரத்தம் போகிற வயதில் இரும்புச் சத்து வேண்டும்: மீன், ஈரல், கீரையோடு தேசிக்காய்ப் புளி. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணீர் வேண்டாம், அது இரும்பை உடம்பில் சேரவிடாது.

கேள்வி: இரவு 12 மணிக்கு முன் நித்திரை வருவதில்லை. காலையில் எழும்ப முடியாமல் வீட்டில் ஏச்சு. வயது 16.
— ஒரு மாணவன், வாழைச்சேனை

பதில்: தம்பி, இது சோம்பலில்லை. நித்திரையை வரவழைக்கும் மெலடோனின் உங்கள் வயதில் இரண்டு மணித்தியாலம்வரை பிந்திச் சுரக்கிறது. ஆனால் உடம்புக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. எழும்பியதும் பத்து நிமிடம் முற்றத்து வெளிச்சத்தில் நில்லுங்கள். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். படுக்க ஒரு மணித்தியாலம் முன்னரே போனை வேறு அறையில் வையுங்கள். ரியூசன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி எழும்பாதீர்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழைய கதைதான். நித்திரையோடு சாப்பாடும் விளையாட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் வெறுத்துப் போனால், 1926 மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம்.