"சொன்னேனே, எப்படிப் புரியாமல் போனது?" – பேச்சு பற்றிய கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். முதல் கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: டீமில் ஒரு வேலையை விளக்கிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வேறு எதையோ செய்து வைத்திருக்கிறார்கள். தெளிவாகத்தானே சொல்கிறேன்?

பதில்: உங்களுக்குத் தெளிவாக இருக்கிறது, அவ்வளவுதான். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் மனதுக்குள் முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரில் இருப்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக். வேலையை விளக்கும்போதும் இதே கதைதான்.

"புரிந்ததா?" என்று மேலே இருப்பவர் கேட்டால் "இல்லை" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். "முதலில் எதை எடுக்கப்போகிறீர்கள்? எங்கே இடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், அவர் சொல்கிற பதிலிலேயே எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது தெரிந்துவிடும். விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதும் இதற்காகத்தான். 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இருக்கும் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், ரேடியோவில் ஒரே நேரத்தில் இருவர் பேசியது என்று பல காரணங்கள் உண்டு, ஆனால் "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்று விமானி சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டதும் அதில் ஒன்று. விமானம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர "டேக்-ஆஃப்" என்ற சொல்லையே ரேடியோவில் பயன்படுத்துவதில்லை என்று விதி வந்தது.

கேள்வி: பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்து எடுத்த எண்கள் இவை. பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை, அவர் சொல்லும் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை வைத்து முடிவு செய்கிறோம் என்று பார்த்த ஆய்வு. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 93 சதவீதம் உண்மையாக இருந்தால் தெரியாத மொழியில் நடக்கும் மீட்டிங்கில்கூட உட்கார்ந்து முக்கால்வாசி புரிந்துகொள்ளலாமே! உங்கள் பயிற்சியாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விளையாட்டாக ஒரு மெசேஜ் போட்டேன், சக ஊழியர் கோபித்துக்கொண்டார்.

பதில்: 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மெயிலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடித்தது 56. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும். எழுதும்போது உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்பதில்லை. கிண்டலும் கண்டிப்பும் நேரிலோ போனிலோ இருக்கட்டும். இப்போதைக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், இன்னொரு மெசேஜில் விளக்கம் எழுத ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: மீட்டிங்கில் நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கூச்ச சுபாவம் வேறு.

பதில்: கூச்சம் மட்டும் காரணமில்லை. ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 0.2 நொடிதான் இடைவெளி; பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. யோசித்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கு அந்த இடைவெளி போதாது. வீடியோ காலில் சத்தம் தாமதமாக வருவதால் இன்னும் மோசம். அதனால் நடத்துகிறவரிடம் "இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேசும்போது முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வாருங்கள், நடுவில் யாராவது குறுக்கிட்டாலும் முக்கியமானது போய்ச் சேர்ந்திருக்கும்.

கேள்வி: ஜூனியரிடம் தப்பை எப்படிச் சொல்வது? முன்னும் பின்னும் பாராட்டி நடுவில் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். நாலு தடவை அப்படிச் செய்தால், நீங்கள் பாராட்டும்போதே "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்பதும் வேண்டாம், அப்படி நடக்காத ஒரு நாளை அவர் தேடிப்பிடிப்பார், பேச்சு அந்த நாளைப் பற்றியே போய்விடும். "நேற்று அனுப்பிய அறிக்கையில் பழைய கணக்கு இருந்தது, அதை வைத்து இன்னொரு டீம் வேலையை ஆரம்பித்துவிட்டது, எப்படி நடந்தது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி.

கேள்வி: மனைவி ஏதாவது பிரச்சினை சொன்னால் உடனே வழி சொல்கிறேன். "நான் சொல்வதைக் கேட்பதே இல்லை" என்கிறார்.

பதில்: "யோசனை வேண்டுமா, கேட்டுக்கொண்டால் போதுமா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். பாதி நாள் இரண்டாவதாகத்தான் இருக்கும். போனைக் கீழே வையுங்கள்.

கேள்வி: மேலதிகாரி வாயால் ஒன்று சொல்கிறார், பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார்.

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், நிஜமாகவே மறந்திருக்கலாம். பேசி முடித்த அன்றே இரண்டு வரி மெயில்: "இன்று பேசியபடி முதலில் இதை முடித்துவிட்டு அதை எடுக்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம். ஆதாரம் சேர்ப்பது போல மூன்று பேரை நகலில் போட்டால் காரியம் கெட்டுவிடும், அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.