கடைசியில் கொல்வது யார்? ‘ரோமியோ ஜூலியட்’டில் சின்ன வேஷங்கள்

கேள்வி: எங்கள் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டை ஒன்றரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நடிகர்களும் குறைவு. வேலைக்காரன், மருந்துக்கடைக்காரன், இரண்டாவது துறவி மாதிரி சின்ன வேஷங்களை எடுத்துவிட்டால் கதை கெடுமா?

பதில்: கெடும். காதலர்கள் ஏன் செத்தார்கள் என்பதே பார்க்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடும். வசன வரிகளை எண்ணி வெட்டுவதுதான் பல குழுக்கள் செய்கிற தப்பு. யார் சேதி கொண்டு வருகிறார், யார் கையில் பொருள் மாறுகிறது என்று பார்த்து வெட்டுங்கள்.

முதல் அங்கத்தில் ஜூலியட்டின் அப்பா கேபுலெட் விருந்துப் பட்டியலை ஒரு வேலைக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறார். அவனுக்கு எழுத்து தெரியாது. தெருவில் எதிர்ப்பட்ட ரோமியோவிடம், எதிரி வீட்டுப் பையன் என்று தெரியாமலே, வாசித்துச் சொல்லச் சொல்கிறான். அதில் தான் அப்போது ஆசைப்பட்ட ரோசலின் பெயரைப் பார்த்துத்தான் ரோமியோ விருந்துக்கே போகிறான், ஜூலியட்டைச் சந்திப்பதும் அங்கேதான். அந்தக் காட்சியைத் தொடாதீர்கள்.

ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட்டையும் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவையும் யாரும் வெட்டப் போவதில்லை, அதனால் நேராக ஐந்தாம் அங்கத்துக்கு வருகிறேன். ஜூலியட் செத்தவள் மாதிரித் தூங்க மருந்து கொடுத்தவர் துறவி லாரன்ஸ். அதைச் சொல்லும் அவருடைய கடிதத்தை, ஊரைவிட்டு விரட்டப்பட்ட ரோமியோ இருக்கும் மாண்டுவாவுக்குக் கொண்டுபோக வேண்டியவர் துறவி ஜான். வழித்துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போன இடத்தில், கொள்ளைநோய் வீடு என்று சந்தேகப்பட்டு இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். சுமார் 30 வரிக் காட்சி. இதை எடுத்துவிட்டு ‘கடிதம் சேரவில்லை’ என்று லாரன்ஸை ஒரு வரி சொல்லவைக்கத் தோன்றும், வேண்டாம். ஜான் அதே கடிதத்தைத் திருப்பி நீட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்கு முந்தைய காட்சியில்தான் ரோமியோவின் வேலைக்காரன் பால்தசார் வேகவேகமாக வந்து ஜூலியட் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான். உண்மைச் சேதி அடைத்த வீட்டுக்குள் கிடந்தது, பொய்ச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனைக்கும் பால்தசார் பொய்யன் இல்லை, அவளைக் கல்லறையில் கிடத்தியதைப் பார்த்துவிட்டு வந்தவன்.

அப்புறம் மருந்துக்கடைக்காரன். விஷம் விற்றால் மாண்டுவாவில் மரண தண்டனை. சாகத் துணிந்த ரோமியோ 40 டக்கட் பொற்காசு நீட்டுகிறான். சம்மதிப்பது தன் வறுமைதான், மனசு இல்லை என்று சொல்லித்தான் அவன் கொடுக்கிறான். கடையில் தொங்கும் ஆமை, பாடம் செய்த முதலை என்று வருகிற வர்ணனையைச் சுருக்கலாம். அந்தக் கை காசை வாங்கத் தயங்குவது இருக்கட்டும்.

எல்லோரும் மறந்துபோகிறவன், ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸின் ஏவல் பையன். கல்லறையில் பாரிஸும் ரோமியோவும் போடும் சண்டையைப் பார்த்ததும், நல்லது செய்வதாக நினைத்துக் காவலர்களைக் கூப்பிட ஓடுகிறான். அவர்கள் வரும் சத்தத்துக்குப் பயந்துதான் லாரன்ஸ் ஜூலியட்டைத் தனியாக விட்டு ஓடுகிறார், அந்தச் சத்தம் நெருங்குவதால்தான் அவளும் அவசரமாகக் கத்தியை எடுக்கிறாள். காலடிச் சத்தத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

சரி, எதை வெட்டலாம்? நான்காம் அங்கத்தின் முடிவில் வாத்தியக்காரர்கள் பேச்சு முழுக்கப் போகலாம். கடைசியில் லாரன்ஸ் நடந்ததையெல்லாம் திரும்பச் சொல்வது நாலு வரி போதும். எழுத்து தெரியாத வேலைக்காரனையும் துறவி ஜானையும் ஒரே நடிகர் செய்யலாம். மெர்குஷியோவாக வந்தவர் மூன்றாம் அங்கத்தோடு ஓய்ந்துவிடுகிறார், மருந்துக்கடைக்காரனை அவரிடம் கொடுங்கள். பால்தசாரை மட்டும் யாரோடும் சேர்க்காதீர்கள். ஆரம்பத்திலிருந்தே ரோமியோ பக்கத்தில் நிற்கிற முகமாக இருந்தால்தான், அவன் சொன்னதை ரோமியோ ஒரு கேள்வியோடு நம்பிவிடுவது நமக்கும் நம்பும்படி இருக்கும்.