பச்சைக் குழந்தையின் கால் நகம் சதைக்குள் புதைந்தது போல் தெரிவது ஏன்?

கேள்வி: எனக்கு 38 வாரத்தில் சுகப்பிரசவமாகிப் பெண் பிள்ளை பிறந்து இன்றுடன் 19 நாட்கள். பிறந்தபோது எடை 2.9 கிலோ. கை நகங்கள் நீண்டு கன்னத்தைக் கீறிவிடுகின்றன; கால் நகங்களோ இருக்கின்றனவா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கால் பெருவிரல் நகத்தின் இரு ஓரங்களும் சதைக்குள் புதைந்து, நடுப்பகுதி குழிந்திருக்கிறது. பிறந்த அன்று நகங்கள் நீலமாகவும் இருந்தன. நான் கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரைகளை ஒழுங்காக எடுக்காததே காரணம் என்கிறார் மாமி. இது நோயா?
– ஒரு தாய், நிலாவெளி

பதில்: நேரில் பாராமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பவை யாவும் ஆரோக்கியமான பச்சைக் குழந்தைகளிடம் நாள்தோறும் காணப்படுபவையே.

கருவில் நகம் உருவாகத் தொடங்குவது ஏறத்தாழ 10ஆவது வாரத்தில். கை நகம் விரல் நுனியை எட்டுவது 32ஆவது வாரமளவிலும், கால் நகம் எட்டுவது அதற்கு நான்கு வாரம் பிந்தி 36ஆவது வாரமளவிலும் நிகழ்கின்றன. ஆகவே 38 வாரத்தில் பிறந்த உங்கள் மகளின் கை நகம் விரலைத் தாண்டி நீண்டிருப்பதும், கால் நகம் அப்போதுதான் நுனிக்கு வந்து சேர்ந்தது போல் குட்டையாக இருப்பதும் கணக்குப்படி சரியானவை. குறைமாதப் பிள்ளைகளில் நகம் நுனியை எட்டாமலேயே இருக்கக்கூடும். நாள் தப்பிப் பிறக்கும் பிள்ளைகளின் நகங்கள் மிக நீண்டு, சில வேளைகளில் கருவில் கழித்த மலத்தின் மஞ்சள் பச்சைக் கறை படிந்தும் இருக்கும்.

பெருவிரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தையின் நகம் வெங்காயத்தின் உட்தோல் அளவுக்கு மெல்லியது. அதைச் சுற்றியுள்ள விரற்சதையோ பஞ்சு போல் உருண்டு திரண்டது. அதனால் சதை நகத்தின் மேல் ஏறி நிற்கிறது. நகம் சதைக்குள் குத்தி இறங்குவதில்லை. குளிப்பாட்டியபின் உங்கள் விரலால் அந்த ஓரச் சதையை மெதுவாக வெளிப்புறம் இழுத்துப் பாருங்கள்: மறைந்திருந்த நக விளிம்பு முழுதாகத் தெரியும், பிள்ளையும் அழமாட்டாள். நகம் தடிக்கத் தடிக்கச் சில மாதங்களில் இது தானாகச் சீராகும். கரண்டி போன்ற குழிவும் நகத்தின் மென்மையால் வருவதுதான். வளர்ந்தவர்களில் அத்தகைய குழிவு இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம் என்பது உண்மை. மாமி அதைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். ஆனால் 19 நாள் பிள்ளையின் கால் நகத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இதற்காகச் சத்துத் துளி மருந்து எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் மாத்திரைகளைத் தவறவிட்டிருந்தால் அது உங்கள் உடம்பைப் பற்றிய விடயம். அடுத்த கிளினிக்கில் உங்கள் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிறந்து முதல் ஓரிரு நாட்களில் கைகால்கள் நீலம் பாரிப்பது இயல்பு. உதடும் நாக்கும் நீலமானால் மட்டும், எந்த வயதிலும், தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இன்னும் சில வாரங்களில் நகத்தின் குறுக்கே மெல்லிய பள்ளம் ஒன்று தோன்றினால் அதற்கும் கலங்க வேண்டாம். நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்து மறைந்துவிடும். நகத்தின் அடியை ஒட்டிய தோல் பழுப்பாகத் தெரிவதும் நம் நிறத்துப் பிள்ளைகளிடம் சாதாரணம்.

31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை நகம் வெட்டலாகாது என்று வீட்டில் சொல்வார்கள். அதை மீறச் சொல்லி உங்களைச் சண்டைக்கு அனுப்பமாட்டேன். முதல் வாரங்களில் நக நுனி விரல் தோலோடு ஒட்டியிருப்பதால், வெட்டுவதைவிட மென்மையான அரத்தால் தேய்த்து மழுக்குவதே பாதுகாப்பானது. பிறகு வெட்டும்போது, பிள்ளை நன்றாகத் தூங்கும் நேரத்தில், விரற்சதையைக் கீழே அழுத்திப் பிடித்து, கால் நகத்தை நேர்கோடாக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். நான் பார்க்கும் நகச்சுற்றுகளில் பல அப்படித் தோண்டியதால் வந்தவை. பல்லால் கடித்து எடுப்பதும் வாயிலுள்ள கிருமியைப் பிள்ளையின் விரலுக்குக் கொடுக்கும். கன்னம் கீறுகிறதே என்று நாள் முழுதும் கையுறை போட்டு வைக்க வேண்டாம். திருகோணமலை வெயிலில் கை வியர்த்து நனைவதோடு, பிள்ளை தன் கையை வாயில் வைத்துப் பழகுவதும் தடைப்படும்.

விரலின் ஓரம் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ சீழ் கட்டினாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். நகமே இல்லாத விரல், நகத்துக்குள் கருங்கோடு ஆகியவற்றையும் காட்ட வேண்டும், அவற்றுக்கு அவசரமில்லை. காரணம் புரியாமல் பிள்ளை வீரிட்டு அழுதால் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். தாயின் தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுக்கியிருக்கக்கூடும். அப்போது முடிக்கு அப்பாலுள்ள பகுதி மட்டும் வீங்கிச் சிவந்திருக்கும். முடியை உடனே அகற்ற முடியாவிட்டால் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.